போயிட்டு வர்றோம்

சாயங்காலம் ஆறரை, ஏழு இருக்கும். தீவைச் சுற்றி ஒரே ஒரு ரோடு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் புதர். எதிரே வண்டி கிடையாது. பின்னாலும் கிடையாது. ஒரு பழைய வேன்... அதில் மூன்று பேர். ராத்திரி எங்கே தங்குவது என்று இடம் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சாரல் அடிக்கிறது. கரண்ட் இப்போதைக்கு வராது. ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தராசைத் தட்டிப் பார்க்காமல் உப்புகூட வாங்கினதில்லை. இதை எனக்குச் சொன்னவன் அந்த வேனை ஓட்டினவன். ஹாரன்தான். உங்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத முட்டாள், அதனால் நம்பினேன்.

அவன் எங்கே இன்றைக்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்குத்தான் வருகிறேன். நடுவில் ஏன், எப்படி என்று கேட்காதீர்கள். 

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறவன். ஹாரன் என்று பேர் வந்தது இப்படி. நாமெல்லாம் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினால் போயிட்டு வர்றேன் என்போம். இனிமேல் இந்த வாசப்படி மிதிக்கவே கூடாது என்று மனதில் இருந்தாலும் வாய் அதைத்தான் சொல்லும். போறேன் என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். இவன் இரண்டையும் சொல்ல மாட்டான். பாதிப் பேச்சில் எழுந்து போவான், வண்டியில் ஏறுவான், இரண்டு தடவை அடிப்பான். பாம் பாம். அவ்வளவுதான் அவனுடைய மரியாதை.

வேனில் பின்னால் உட்கார்ந்திருந்தது அவன் தம்பி. வெல்டர். பக்கத்தில் தம்பி பெண்டாட்டி. துணிக் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவள்.

அவர்களுக்கு ஒரே பெண். ஒன்றாம் வகுப்பு. மூக்கடைத்த மாதிரி ஒரு குரல். பெரியப்பா வெளியே பாம் பாம் அடித்தால், வீட்டுக்குள்ளிருந்து அவளும் வாயாலேயே பாம் பாம் என்பாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றும்போது, எதிர்வீட்டு நாய் முதற்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கையை ஆட்டினாள். போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன்.

வரவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அழவும் இல்லை. அம்மாக்காரி கம்பெனிக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். எது கேட்டாலும் 'எதுன்னாலும்' என்பாள். சோறா தோசையா... எதுன்னாலும். ஃபேன் போடவா... எதுன்னாலும். வெல்டர் மட்டும் என்ன? ஒரு நாள் தன் வெல்டிங் பட்டறையில் சூட்டுக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். வலி தெரியவில்லை. தோல் கருகுகிற நாற்றம் வந்த பிறகுதான் கீழே போட்டான். யாருடைய கையோ என்று பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அவனுக்கு ஒரே ஒரு நினைப்புதான். இவள் வாயிலிருந்து முழுசாய் ஒரு பேச்சு வர வேண்டும். திட்டினாலும் சரி.

ஹாரன்தான் கிளப்பினான்.

"வேனைக் கப்பல்ல ஏத்திட்டுப் போவோம்டா. தீவைச் சுத்துவோம். எங்க தோணுதோ அங்க படுப்போம். உம் பொண்டாட்டிக்குக் காத்து மாறட்டும்."

"அவ வரணுமே."

"கேட்டேன். எதுன்னாலும்னா. அப்ப வர்றதும் ஒரு எதுதானே."

போனார்கள்.

முதலில் பார்த்த இடம் ஒரு வீடு. ரோடு வளைகிற இடத்தில், நீலக் கதவு. தங்க ரூம் உண்டு என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தது. வயதான ஒரு அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பக்கவாட்டில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தாள். கூட்டிப்போய் ரூமைக் காட்டினாள்.

குறையே சொல்ல முடியாத ரூம். இரண்டு கட்டில், தேய்த்த விரிப்பு, காகிதம் பிரிக்காத சோப்பு. ஜன்னலைத் திறந்தால் துணிக் கொடி, அதற்கப்பால் கடல். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. ஹாரன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தான்.

"இதுக்கு மேல என்னடா வேணும்?"

வெல்டர் உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். மூக்கு விரிந்திருந்தது.

"ஈர வாடை அடிக்குது. இன்னும் ரெண்டு இடம் பார்த்துடுவோம்ணே."

ஈர வாடை ஒன்றும் இல்லை. ஹாரன் மோந்து பார்த்துவிட்டான். தம்பி எதற்குப் பொய் சொல்கிறான் என்று அப்போது தெரியவில்லை. அப்புறம் அவனே சொன்னான். அந்த ரூமில் தேங்காய் எண்ணெய் வாசனை. சும்மா எண்ணெய் இல்லை... குளித்து முடித்த தலையில், ஈரம் காயுமுன்னே வைத்த எண்ணெய். ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரத்தில் அவன் வீட்டில் தினமும் அடித்த வாசனை.

இடம் பிடிக்கவில்லை என்று யார் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்? நாமெல்லாம் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

"போயிட்டு வர்றோம்மா."

"வர்றீங்களா தம்பி?"

"வர்றோம்மா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். வர்றோம்."

"நேரமானாலும் பரவாயில்லை. முழிச்சிருப்பேன்."

ஹாரன் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டான். பாம் பாம்.

அடுத்தது ஒரு லாட்ஜ். கீழே சாமான் கடை, மேலே நாலு ரூம். மேனேஜர் பனியனோடு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டினதை நிறுத்தாமலே சாவியை நீட்டினான். பக்கத்து ரூமில் சீட்டுக் கச்சேரி. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

"உள்ள ஆள் இருந்தா எப்படிங்க தெரியும்?" என்றான் ஹாரன்.

"பாடிக்கிட்டே இருக்கணும்."

"எனக்குப் பாட வராதே."

"அப்ப வெளியில ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்கணும்."

"போயிட்டு வர்றோம்ங்க" என்றான் வெல்டர். மேனேஜர் தலையைத் தூக்கவே இல்லை. "வர்ற மூஞ்சி எனக்குத் தெரியும்" என்றான். அவன் தொழில் தெரிந்தவன். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது, கடற்கரையில் புதுசாய்க் கட்டின குடில்கள். டார்ச்சோடு வாட்ச்மேன் ஒருத்தர். கரண்ட் இணைப்பு வரவில்லை, பெயின்ட் காயவில்லை.

"சுவத்துல படாம படுத்தா ஒண்ணும் ஆகாது."

"புரண்டா?"

"பச்சையாயிடுவீங்க."

ஹாரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயும் வெல்டர் போயிட்டு வர்றோம்தான்.

வேனில் ஏறினதும் ஹாரன் சொன்னான்: "டேய், நீ மூணு இடத்துலயும் வர்றோம் வர்றோம்னு சொல்லியிருக்கே. ராத்திரி மூணு வீட்டுலயும் படுக்கணும் நாம. தலை ஒரு இடம், கால் ஒரு இடம், நடு உடம்பு வாட்ச்மேன்கிட்ட."

யாரும் சிரிக்கவில்லை. நன்றாக இருட்டிவிட்டது. அலை சத்தம் மட்டும்... வெல்டர் பெண்டாட்டி பக்கம் திரும்பிக் கேட்டான், கேட்கிற கடமைக்கு.

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

எதுன்னாலும் என்று வரும் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் தெரியும். ஹாரன் வண்டியைக்கூடக் கிளப்பிவிட்டான்.

"முதல்ல பார்த்த வீடு" என்றாள்.

ஹாரன் பிரேக் போட்டான். பத்து மாதமாக வராத பேச்சு. மூன்று சொல். வெல்டருக்கு அந்த எண்ணெய் வாசனை மூக்கிலேயே இருந்தது. வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. ஆனால் இவள் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறாள் என்பதுதான் பெரிசாய்த் தெரிந்தது.

"அங்கயே விடுண்ணே" என்றான்.

நீலக் கதவு திறந்தே கிடந்தது. அந்த அம்மா வாசல் விளக்கடியில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே திரும்பி, வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள்.

"நான் சொன்னேன்ல... வந்துட்டாங்க பாரு."

உள்ளே யாரும் இல்லை. ஹாரன் எட்டிப் பார்த்தான், இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. கிழவிக்குத் தனியாகப் பேசுகிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டான். தனியாக இருக்கிற எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

ஹாரன் வேனிலேயே படுத்துக்கொண்டான். அவர்கள் இருவரும் ரூமில்.

ராத்திரி வெல்டருக்கு விழிப்பு வந்தது. விளக்கு இல்லை. அலை சத்தம். அதற்கு நடுவே இன்னொரு சத்தம்... சர்ர்... சர்ர்... சீப்பு. ஈரத் தலையில் சீப்பு இழுக்கிற சத்தம். பக்கத்துக் கட்டில் காலி. ஜன்னலோரம், அவனுக்கு முதுகைக் காட்டி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் என்ன இருந்தது என்று இவனுக்குத் தெரியவில்லை. இருட்டு.

பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக, பல்லிடுக்கில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"ஆடாதே... நேரா பாரு. கோணையாப் போயிடும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

எழுந்திருக்க வேண்டும். எந்தப் புருஷனும் எழுந்திருப்பான். இவன் எழுந்திருக்கவில்லை. அண்ணனிடம் அதைச் சொல்லும்போது பயந்ததாகச் சொல்லவில்லை.

"எந்திரிச்சா பேச்சை நிறுத்திடுவாண்ணே. எத்தனை நாளாச்சு அவ பேசிக் கேட்டு. அதான் படுத்தே கேட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு விடியும் வரை கேட்டான். என்னென்னவோ பேசினாளாம். டீச்சர் பற்றி, எதிர்வீட்டு நாய் பற்றி. ஒரு தடவை சிரித்தாள். இவனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, நடுக்கமும் வரவில்லை. அந்தச் சூட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரிதான் இருந்ததாம்.

காலையில் அவள் வேறு ஆளாக இருந்தாள். டீயைக் கொண்டுவந்து கொடுத்து, "சூடா இருக்கு, ஊதிக் குடிங்க" என்றாள். ஹாரனிடம், "ராத்திரி கொசு கடிச்சுதா மாமா, முகமெல்லாம் தடிச்சிருக்கு?" என்றாள். ஹாரனுக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று மாறினது வேலை செய்துவிட்டது என்று நினைத்தான். முட்டாள் என்றேன் இல்லையா.

கிளம்பும்போது வெல்டர் கடைசியாக ஒரு தரம் ரூமைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை. வாசனை மட்டும். அவள் நிலைப்படியில் நின்று, அந்த அம்மாவைப் பார்க்காமல், ரூமுக்குள்ளே பார்த்து,

"போயிட்டு வர்றேன்" என்றாள்.

வேன் ஏறினதும் ஹாரன் கையை ஹாரனில் வைத்தான்.

"அடிக்காதீங்க மாமா. தூங்கட்டும்."

"யாரும்மா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். "விடியற நேரம்ல... எல்லாரும்தான்" என்றாள்.

ஊருக்கு வந்து நாலு நாள் நன்றாகத்தான் போனது. பேசினாள், சாப்பிட்டாள். ஒன்றுதான் வெல்டருக்கு உறுத்தியது. கம்பெனிக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போறேன்" என்றாள்.

முதல் நாள் வாய் தவறியது என்று விட்டான். மறுநாளும் அதே. போறேன்.

"என்ன பேச்சு இது? வர்றேன்னு சேர்த்துச் சொல்லு."

அவள் கோபப்படவில்லை. கணக்கு சொல்லிக் கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

"அங்க சொல்லிட்டு வந்துட்டேனே. ரெண்டு இடத்துலயும் எப்படிங்க சொல்றது?"

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அவள் கம்பெனியிலிருந்து திரும்பவில்லை. மத்தியானமே வயிற்று வலி என்று லீவு கேட்டுவிட்டு வெளியே போனாளாம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். "புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று கேட்டார்கள். "சண்டை போட்டிருந்தா நல்லாருந்திருக்கும் சார்" என்றானாம் இவன். அவர்களுக்கு அது புரியவில்லை. எதையும் அடித்துக் கேட்டுத்தானே அவர்களுக்குப் பழக்கம்.

மறுநாள் வெல்டர் பட்டறையில் போய் உட்கார்ந்து அந்த வீட்டுக்குப் போன் போட்டான். தகரத்தில் இருந்த நம்பரை ஹாரன் குறித்து வைத்திருந்தான். அந்த அம்மாதான் எடுத்தாள்.

"வந்துட்டாங்க தம்பி. நேத்தே வந்துட்டாங்க."

"அவகிட்ட குடுங்கம்மா."

"தலை பின்னிக்கிட்டிருக்காங்க. நீங்க எப்ப வர்றீங்க?"

இவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"வர்றோம்னுதானே தம்பி சொன்னீங்க? நான் ரெண்டு தரம் கேட்டேனே. ரெண்டு பேரும்னு சொன்னீங்களே."

போனை வைத்தான். பாதியில் கிடந்த ஒரு கேட் வேலை. அதை எடுத்துக் கடைசிப் பற்றவைப்பு வரை முடித்தான், உளி வைத்துக் கசடு தட்டினான், ராவினான். சிலிண்டரை மூடினான். பட்டறையைப் பூட்டி, அண்ணன் லேத்துக்கு வந்து சாவியை அவன் கையில் வைத்தான். அன்றைக்குத்தான் அந்த ராத்திரியில் நடந்ததெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"போறேண்ணே."

ஹாரன் லேத்தை ஓட்டிக்கொண்டே தலையாட்டினான். போகிறவனுக்கு விடை சொல்லிப் பழக்கம் இல்லாதவன். தம்பி சொன்னதில் ஒரு சொல் குறைகிறது என்று இரும்புச் சுருள் பாதி விழுந்த பிறகுதான் உறைத்தது. வெளியே ஓடி வந்தான். தெருவில் யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாரன் தனியாக வேனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான்.

வீடு அப்படியே இருந்தது. நீலக் கதவு, ஈரக் கை. "உட்காருங்க தம்பி. இப்பதான் கடல் பக்கம் போனாங்க. போயிட்டு வர்றோம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றாள்.

உட்கார்ந்தான். நல்ல உச்சி வெயில். எதிரே துணிக் கொடி. தம்பியின் பட்டறைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, பொறி பட்டு முன்பக்கம் முழுக்க ஓட்டை. அதை ஆயிரம் சட்டையில் கண்டுபிடிப்பான். அந்தப் பக்கம் அவளுடைய நைட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கவுன். மூன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... கீழே மணல் குழிந்திருந்தது.

வெயில் சாய்ந்தது. கடல் பக்கமிருந்து யாரும் வரவில்லை. கரையில் போய்த் தேடினான், கூப்பிட்டான், திரும்பி வந்து உட்கார்ந்தான். அத்தனை வெயிலிலும் துணி காயவில்லை. சொட்டுவது நிற்கவில்லை.

கடைசிக் கப்பலுக்கு நேரமானது. எழுந்தான். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் போய் வேனில் ஏறினான். கை பழக்கத்தில் அடித்தான்.

பாம் பாம்.

வீட்டுக்குள்ளிருந்து... வாயால்... மூக்கடைத்த குரல்.

பாம் பாம்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் இறங்கினான். நீலக் கதவு வரை நடந்து போனான். யாரிடமும் ஒரு நாளும் சொல்லாத மனுஷன். அண்ணன் தம்பி வீடு, சம்பந்தி வீடு, சாவு வீடு, எங்கேயும் சொன்னதில்லை. அந்த இருட்டுக்குள்ளே பார்த்துச் சொன்னான்.

"போயிட்டு வர்றேன்."

முந்தாநாள் என் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னான். நான் கண்டபடி திட்டினேன். எவளோ ஒரு கிழவி வீட்டு வாசலில் போய் என்ன வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய் என்றேன். அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்குச் சாயங்காலம், மழை பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால், என் வாசலில் வேன் நின்றது. ஹாரன் சத்தம் இல்லை. இறங்கி வந்தான். லேத் சாவி, தம்பி பட்டறைச் சாவி, இரண்டையும் என் கையில் வைத்தான். இதோ, மடியில்தான் இருக்கிறது.

"எங்கடா?" என்றேன்.

"போறேண்ணே."

"வர்றேன்னு சொல்லுடா."

வேனில் ஏறப் போனவன் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னான்.

"அங்க சொல்லிட்டேனேண்ணே."

வண்டி தெரு முனை திரும்புகிற வரை நின்று கேட்டேன். ஹாரன் அடிக்கவில்லை.